பதினாறு மாதப் பிரதமர்: ததேயுஷ் மசோவியெட்ஸ்கி எடுத்த முடிவுகளும் கொடுத்த விலையும்

இந்த ஆய்வின் பொருள்

1989 ஆகஸ்ட் 24 அன்று போலந்து நாடாளுமன்றத்தின் கீழவையான செய்ம், ததேயுஷ் மசோவியெட்ஸ்கியைப் பிரதமராகத் தேர்ந்தெடுத்தது. ஆதரவு 378, எதிர்ப்பு 4, நடுநிலை 41. சோவியத் பிடிக்குள் இருந்த கிழக்கு ஐரோப்பாவில் 1940களின் பிற்பகுதிக்குப் பிறகு கம்யூனிஸ்ட் அல்லாத ஒருவர் அரசுக்குத் தலைமை ஏற்றது அப்போதுதான். அடுத்த ஆண்டு நவம்பர் 25 அன்று அவர் அதிபர் தேர்தலில் நின்றார். 18.08 சதவீத வாக்குடன் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அவருக்கு மேலே இரண்டாம் இடத்தில் வந்தவரை ஆறு மாதங்களுக்கு முன்பு போலந்தில் யாருக்கும் தெரியாது.

இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே என்ன நடந்தது என்பதே இங்கே பதிவாகிறது. மக்கள் நன்றி மறந்தார்கள் என்று சிலர் இதைச் சொல்வதுண்டு. தயங்கித் தயங்கியே ஆட்சியைத் தொலைத்தவர் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. அவருடைய பெரிய முடிவுகளில் பெரும்பாலானவை சரியானவை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவுகளின் பாரத்தைச் சுமந்தவர்களிடம் போய்க் காரணம் சொல்வது பிரதமரின் வேலை என்று அவர் கருதவில்லை. தோல்வி அங்கிருந்து வந்தது.

பொதுப்பதிவில் இடம்பெற்ற தலைவர்களை மட்டும் பெயரால் குறிப்பிடுகிறேன். தொழிலாளிகள், விவசாயிகள், ரகசியப் போலீஸ் அதிகாரிகள் ஆகியோர் பெயரின்றியே வருகிறார்கள்.

பின்னணி

மசோவியெட்ஸ்கி 1927இல் விஸ்துலா ஆற்றங்கரை நகரமான புவோட்ஸ்கில் பிறந்தார். தந்தை மருத்துவர், போருக்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அண்ணன் ஸ்டுட்ஹோஃப் நாஜி வதைமுகாமில் மாண்டார். போர் முடிந்து சட்டம் படிக்கச் சென்றவர் பட்டம் வாங்காமலேயே பத்திரிகைத் தொழிலுக்கு வந்தார்.

அவர் சேர்ந்த முதல் அமைப்பு பாக்ஸ். கம்யூனிஸ்ட் அரசோடு ஒத்துப்போன கத்தோலிக்கர்களின் சங்கம் அது. 1953இல் கீல்ட்சே நகர் ஆயர் மீது அரசு ஒரு நாடக விசாரணை நடத்தியபோது, அந்த ஆயரைக் கண்டித்து மசோவியெட்ஸ்கி எழுதினார். அவரை மதிப்பவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். நான் அப்படிக் கடக்க விரும்பவில்லை. பிற்காலத்தில் மனிதர்களைப் பழைய செயல்களுக்காக ஒட்டுமொத்தமாக விலக்க மறுத்த ஒருவரின் வாழ்வில் இப்படி ஒரு கட்டுரை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டே அவரை எடைபோட வேண்டும்.

1955இல் பாக்ஸ் அமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1958இல் ‘வியென்ஷ்’ என்ற மாத இதழைத் தொடங்கி 1981 வரை அதன் ஆசிரியராக இருந்தார். நம்பிக்கையாளர்களும் நம்பிக்கையற்றவர்களும் ஒரே பக்கத்தில் வாதிடக்கூடிய இடமாக அதை நடத்தினார். 1961 முதல் 1972 வரை ‘ஸ்னாக்’ என்ற சிறு கத்தோலிக்கக் குழுவின் சார்பில் செய்ம் உறுப்பினராகவும் இருந்தார். 1970 டிசம்பரில் பால்டிக் கடலோர நகரங்களில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகள் சுடப்பட்டபோது விசாரணை வேண்டும் என்று கேட்டார். அடுத்த தேர்தலில் அவர் பெயர் பட்டியலில் இல்லை.

1980 ஆகஸ்ட் வேலைநிறுத்தத்தின்போது அறிவுத்துறையினர் 64 பேர் கையெழுத்திட்ட முறையீட்டோடு கதான்ஸ்க் லெனின் கப்பல் கட்டும் தளத்துக்கு வரலாற்றாசிரியர் ப்ரோனிஸ்வாவ் கெரெமெக்குடன் போனார். கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போனவர்களை வேலைநிறுத்தத் தலைவர் லேக் வலேசா அங்கேயே இருக்கச் சொன்னார். வேலைநிறுத்தக் குழுவுக்கு ஆலோசகர் குழு ஒன்று உருவாக, அதன் தலைவரானார் மசோவியெட்ஸ்கி. அரசின் பிடியில் இல்லாத தொழிற்சங்கமான சாலிடாரிட்டி பிறந்தது. 1981 டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்தபோது பிடித்துச் செல்லப்பட்டு ஓராண்டு காவலில் இருந்தார். கடைசியாக விடுவிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

இந்த வாழ்க்கையில் ஒரு பழக்கம் தொடர்ந்து வருகிறது. பேச்சுவார்த்தை மேசையில் அவர் பொறுமைசாலி. எதிராளி எதைக் கொடுக்க முடியும், எதைக் கொடுக்க முடியாது என்று கணக்கிட்டு ஒவ்வொரு சொல்லாகச் சேர்ப்பவர். மேடைப் பேச்சு அவருக்கு வராது. கூட்டத்தைப் பார்த்துப் பேசும் திறமை வலேசாவிடம் இருந்தது. கூட்டம் கலைந்த பிறகு ஒப்பந்தத்தை எழுதும் திறமை இவரிடம் இருந்தது. 1980இல் இருவரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். 1990இல் எதிரெதிரே நின்றார்கள்.

1989 கோடை: பதவி வந்த விதம்

கம்யூனிஸ்ட் அரசுக்கும் சாலிடாரிட்டிக்கும் இடையே வட்டமேசைப் பேச்சு பிப்ரவரி 6 முதல் ஏப்ரல் 5 வரை நடந்தது. ஜூன் 4 தேர்தலில் செய்மின் 460 இடங்களில் 161 மட்டுமே போட்டிக்குத் திறந்துவிடப்பட்டன. அத்தனையையும் சாலிடாரிட்டி வென்றது. மேலவையில் 100க்கு 99 கிடைத்தது. மசோவியெட்ஸ்கி அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை. வேட்பாளர் பட்டியல் தயாரான முறையில் அவருக்கு உடன்பாடில்லை.

ஜூலை 3 அன்று சாலிடாரிட்டியைச் சேர்ந்த பத்திரிகையாளர் ஆதாம் மிஹ்னிக் தன் நாளிதழில் ‘அதிபர் உங்களுடையவர், பிரதமர் எங்களுடையவர்’ என்ற யோசனையை முன்வைத்தார். அதை மறுத்து ‘மெதுவாக விரைந்து செல்’ என்று எழுதியவர் மசோவியெட்ஸ்கி. ஆட்சிக்கு நாம் இன்னும் தயாராகவில்லை என்பது அவர் வாதம். ஜூலை 19 அன்று, 1981இல் ராணுவச் சட்டம் கொண்டுவந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜெனரல் யாருசெல்ஸ்கி மயிரிழையில் அதிபரானார். அவருடைய உள்துறை அமைச்சர் கிஷ்சாக்கால் அரசமைக்க முடியவில்லை. ஆகஸ்ட் 7 அன்று வலேசா, கம்யூனிஸ்டுகளோடு நாற்பது ஆண்டுகள் ஒட்டியிருந்த இரண்டு சிறு கட்சிகளைத் தன் பக்கம் அழைத்தார். கணக்கு மாறியது. கெரெமெக், யாட்செக் குரோன், மசோவியெட்ஸ்கி என மூவரின் பெயர்கள் பேசப்பட்டன. வலேசா மசோவியெட்ஸ்கியைத் தேர்ந்தார். ஆறு வாரங்களுக்கு முன்பு வேண்டாம் என்று எழுதியவரிடமே அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது.

பொறுப்பேற்றபோது கண்டவை

அன்றைய நிலையை இன்றைய கண்ணால் பார்த்தால் அவருடைய எச்சரிக்கை மிகையாகத் தோன்றும். 1989 ஆகஸ்டில் பெர்லின் சுவர் நின்றுகொண்டிருந்தது. கிழக்கு ஜெர்மனியிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் பழைய ஆட்சிகளே இருந்தன. ருமேனியாவின் சௌசெஸ்கு, போலந்தில் நடப்பதைத் தடுக்க வார்சா ஒப்பந்த நாடுகள் தலையிட வேண்டும் என்றார். போலந்து மண்ணில் சோவியத் படை இருந்தது. ராணுவமும் போலீசும் கம்யூனிஸ்ட் அமைச்சர்கள் கையில் இருந்தன; அதுவே ஒப்பந்தத்தின் பகுதி.

பொருளாதாரம் இன்னும் மோசம். வெளிநாட்டுக் கடன் 40 பில்லியன் டாலரை ஒட்டி இருந்தது. முந்தைய அரசு பதவியை விடுவதற்குச் சற்று முன், ஆகஸ்ட் 1 அன்று உணவுப் பொருள் விலைக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டுப் போயிருந்தது. கூலியோ விலைவாசியைத் துரத்தி உயரும்படி சட்டம் இருந்தது. அக்டோபரில் ஒரே மாதத்தில் விலைகள் 50 சதவீதத்துக்கு மேல் ஏறின. சம்பளம் வாங்கிய அன்றே கிடைத்ததை வாங்கி வைப்பது குடும்பங்களின் வழக்கமானது. பலர் போலந்து நாணயமான ஸ்லோட்டியை நம்பாமல் டாலராக மாற்றி வைத்தார்கள்.

செப்டம்பர் 12 அன்று அமைச்சரவையை அறிமுகப்படுத்திப் பேசும்போது பிரதமருக்குத் தலை சுற்றியது, பேச்சு நின்றுவிட்டது. அவரை வெளியே அழைத்துச் சென்றார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வந்தவர், நானும் போலந்துப் பொருளாதாரத்தின் நிலைக்குத்தான் போயிருந்தேன், நான் தேறிவிட்டேன், அதுவும் தேறும் என்ற பொருளில் சொன்னார். அவை எழுந்து கைதட்டியது. அரசுக்கு ஆதரவாக 402 வாக்குகள். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. நாற்காலியில் அமர்ந்த முதல் நாளில் இவ்வளவு நல்லெண்ணம் வேறு யாருக்கும் எளிதில் கிடைப்பதில்லை. அது எப்படிச் செலவானது என்பதே மீதிக் கதை.

முதல் முடிவு: பழைய காவலர்களை என்ன செய்வது

ஆகஸ்ட் 24 உரையில், கடந்த காலத்தின் கீழ் தடித்த கோடு ஒன்றைப் போடுகிறோம், நாட்டை இந்தச் சரிவிலிருந்து மீட்க நாங்கள் செய்பவற்றுக்கு மட்டுமே நாங்கள் பொறுப்பு என்றார். பழைய அரசின் கடன்களுக்கும் குளறுபடிகளுக்கும் என்னைக் கேட்காதீர்கள் என்பதே அந்த வாக்கியத்தின் நேர்ப்பொருள். ஆனால் சில மாதங்களில் அது, பழைய குற்றங்களை மன்னித்துவிட்டோம் என்ற அறிவிப்பாகப் பரவிவிட்டது. அவர் அதை உடனே, உரக்க, திரும்பத் திரும்பத் திருத்தவில்லை.

திருத்தாமல் விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய அரசில் வேலை செய்தவர்களை மொத்தமாக வெளியேற்ற அவர் உண்மையிலேயே விரும்பவில்லை. பழையவர்களுக்கும் புதிய குடியரசில் இடம் உண்டு என்று தெரிந்தால்தான் அவர்கள் அதை எதிர்த்துச் சதி செய்ய மாட்டார்கள் என்று கருதினார். உள்துறை, ராணுவம், போக்குவரத்து, வெளிநாட்டுப் பொருளாதார உறவு ஆகிய நான்கையும் கம்யூனிஸ்டுகளிடம் விட்டார். அந்த ஆகஸ்டில் அதற்கு மாற்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

விளைவு இரண்டு வகையில் வந்தது. ஒரு துளி ரத்தம் சிந்தாமல் அரசு கைமாறியது. 1990 ஏப்ரலில் புதிய சட்டத்தின் மூலம் ரகசியப் போலீஸ் கலைக்கப்பட்டது. சுமார் 24,000 அதிகாரிகளில் ஏறக்குறைய 14,000 பேர் புதிய பணிக்கு விண்ணப்பித்துச் சரிபார்ப்புக்கு உட்பட்டார்கள். அவர்களில் சுமார் 10,000 பேர் தகுதி பெற்றார்கள். இன்னொரு பக்கம், 1989 இலையுதிர் காலம் முழுக்க அதே அதிகாரிகள் கோப்புகளை எரித்தும் கிழித்தும் அழித்தார்கள். எதிர்க்கட்சியினரையும் தேவாலயத்தையும் உளவு பார்த்த கோப்புகள் அவற்றில் முதன்மையானவை. யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடிய தாள்கள் போனதால், அடுத்த இருபது ஆண்டுகள் போலந்து அரசியல் சந்தேகத்திலேயே உழன்றது. குற்றவாளிக்கும் குற்றமற்றவருக்கும் ஒருசேரத் தீங்கு செய்த அழிவு அது.

இரண்டாம் முடிவு: ஜனவரி 1

பொருளாதாரம் தனக்குத் தெரிந்த துறை இல்லை என்பதை மசோவியெட்ஸ்கி மறைக்கவில்லை. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியைத் தூக்கி நிறுத்திய லுட்விக் எர்ஹார்டைப் போல ஒருவரைத் தேடுவதாகச் சொன்னார். கேட்கப்பட்ட சிலர் மறுத்தார்கள். 42 வயதான பொருளியல் ஆசிரியர் லெஷெக் பால்செரோவிச் ஒப்புக்கொண்டார். பத்து ஆண்டுகளுக்கு முன்பே தன் சக ஆய்வாளர்களோடு சீர்திருத்தத் திட்டங்கள் எழுதிப் பழகியவர் அவர்.

படிப்படியாகப் போவதா, ஒரே நாளில் செய்வதா என்பதே கேள்வி. வாழ்நாள் முழுக்க மெதுவாகப் போகச் சொன்னவர் இந்த ஒரு விஷயத்தில் வேகத்தைத் தேர்ந்தார். மக்கள் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் காலம் குறுகியது, அது முடிவதற்குள் கடினமானவற்றை முடித்துவிட வேண்டும் என்ற பால்செரோவிச்சின் வாதத்தை ஏற்றார். சட்டங்கள் டிசம்பர் இறுதியில், சில நாட்களுக்குள் நிறைவேறின. 1990 ஜனவரி 1 முதல் பெரும்பாலான விலைகள் சந்தையிடம் விடப்பட்டன. நிலக்கரி, மின்சாரம், எரிவாயு விலைகள் பல மடங்காயின. ஒரு டாலருக்கு 9,500 ஸ்லோட்டி என நிர்ணயித்து, யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள விட்டார்கள். அரசு நிறுவனங்கள் வரம்பை மீறிச் சம்பளம் ஏற்றினால், மீறிய தொகைக்கு 500 சதவீதம் வரை வரி.

ஜனவரியில் விலைகள் ஏறக்குறைய 80 சதவீதம் உயர்ந்தன. இது அரசு எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். பிப்ரவரியில் அது 24 சதவீதமாக இறங்கியது. மார்ச்சில் 5 சதவீதத்துக்கும் கீழே. கடைகளில் பொருள் வந்தது. நகர வீதிகளில் மடக்குக் கட்டில்களை விரித்து மக்கள் வியாபாரம் செய்தார்கள். வரிசையில் நின்றே வாழ்ந்த ஒரு தலைமுறைக்கு வரிசை காணாமல் போனது. இதைச் சிறிய சாதனை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த ஆண்டு தொழில் உற்பத்தி ஏறக்குறைய கால் பங்கு வீழ்ந்தது. முழு வேலைவாய்ப்பு என்று எழுதி வைத்திருந்த நாட்டில் ஆண்டு முடிவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையற்றோராகப் பதிவாகியிருந்தார்கள். இன்னும் ஆழமாகக் காயப்பட்டவர்கள் கடன் வாங்கியிருந்த விவசாயிகள். ஜனவரியில் மத்திய வங்கியின் வட்டி மாதத்துக்கு 36 சதவீதம். பழைய கடன் ஒப்பந்தங்களுக்கும் புதிய வட்டி பொருந்தும் என்று சட்டமே சொன்னது. முந்தைய ஆண்டு டிராக்டருக்குக் கடன் வாங்கியவர் தான் செய்யாத ஒரு தவறுக்காக மாட்டிக்கொண்டார். கோடையில் அவர்கள் ம்வாவா நகரருகே நெடுஞ்சாலையை மறித்தார்கள். வேளாண் அமைச்சகக் கட்டடத்துக்குள் அமர்ந்தவர்களைப் போலீஸ் வெளியேற்றியது. சாலிடாரிட்டியின் அரசு விவசாயிகள் மீது போலீசை அனுப்பியது என்ற செய்தி நாடெங்கும் போனது.

இந்த இடத்தில் குரோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிலாளர் நல அமைச்சரான அவர் வாராவாரம் தொலைக்காட்சியில் தோன்றினார். கோட்டும் டையும் போடாமல், சாதாரண ஜீன்ஸ் சட்டையில் உட்கார்ந்து, என்ன நடக்கிறது, ஏன் வலிக்கிறது என்று வீட்டுப் பேச்சில் விளக்கினார். வேலையின்மைப் படிக்கு மக்கள் அவர் பெயரையே வைத்தார்கள். அவர் வழங்க ஏற்பாடு செய்த இலவச சூப்பையும் அவர் பெயராலேயே அழைத்தார்கள். விலைவாசி ஏற்றிய அதே அமைச்சரவையில் இருந்தும் மிக விரும்பப்பட்ட அரசியல்வாதிகளில் ஒருவராகவே அவர் நீடித்தார். முடிவு ஒன்றேதான். பேசியவருக்குக் கிடைத்த வரவேற்பு பேசாதவருக்குக் கிடைக்கவில்லை. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எல்லையும் உள்ளாட்சியும்

இந்த இரண்டிலும் அவர் வென்றார்; எனினும் வாக்குச்சீட்டில் இவை எண்ணப்படவில்லை.

1989 நவம்பரில் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் ஹெல்முட் கோல் போலந்து வந்திருந்தபோதே பெர்லின் சுவர் திறந்தது. அவர் பாதியில் பெர்லின் போய்த் திரும்பினார். நவம்பர் 12 அன்று சிலேசியாவின் க்ஷிஷோவா கிராமத்தில் நடந்த திருப்பலியில் இருவரும் தழுவிக்கொண்டார்கள். ஆனால் இரண்டு வாரம் கழித்து ஜெர்மன் இணைப்புக்காகக் கோல் வெளியிட்ட பத்து அம்சத் திட்டத்தில் போலந்தின் மேற்கு எல்லையான ஓடர்-நைஸே ஆற்றுக் கோட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தழுவலை நம்பிச் சும்மா இருக்காமல் மசோவியெட்ஸ்கியும் வெளியுறவு அமைச்சர் ஸ்குபிஷெவ்ஸ்கியும் லண்டன், பாரிஸ், வாஷிங்டன் எனக் கதவுகளைத் தட்டினார்கள். ஜெர்மனி பற்றிய வல்லரசுகளின் பேச்சில் எல்லை விவாதிக்கப்படும்போது போலந்தும் மேசையில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். 1990 ஜூலை 17 அன்று பாரிஸில் அந்த இடம் கிடைத்தது. எல்லை ஒப்பந்தம் நவம்பர் 14 அன்று வார்சாவில் கையெழுத்தானது. நீண்ட காலமாகப் போலந்தைத் தூங்கவிடாத கேள்விக்கு விடை கிடைத்து பதினோரு நாளில் அவர் தேர்தலில் தோற்றார்.

1990 மார்ச்சில் உள்ளாட்சிச் சட்டம் வந்தது. மே 27 அன்று தேர்தல். போருக்குப் பிந்தைய போலந்தின் முதல் முழுச் சுதந்திரமான தேர்தல் அதுவே. ஊராட்சிகளுக்குச் சொத்தும் வருவாயும் தனிச் சட்ட உரிமையும் கிடைத்தன. மேலிருந்து நியமிக்கப்பட்டவர்கள் போனார்கள். இன்றும் போலந்தில் எந்தக் கட்சி ஆண்டாலும் நகராட்சிகள் தனிக் குரலோடு நிற்பதற்கு வேர் இந்தச் சட்டம். மசோவியெட்ஸ்கி அரசின் மிகச் சிறந்த வேலை இதுதான் என்பது என் கருத்து. பால்செரோவிச் திட்டத்தைக்கூட அதற்கு அடுத்துதான் வைப்பேன்.

1990 கோடை: பிளவு

பிரதமரை உருவாக்கிய வலேசா கதான்ஸ்கிலேயே இருந்தார். முடிவுகள் வார்சாவில் எடுக்கப்பட்டன. மசோவியெட்ஸ்கி தான் அரசமைப்பின்படி நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர், தொழிற்சங்கத் தலைவருக்கு அல்ல என்று நினைத்தார். சட்டப்படி அது சரி. ஆனால் தன் முதல் ஆதரவாளரை மாதக்கணக்கில் தொலைபேசியின் மறுமுனையில் காக்க வைப்பது அரசியலில் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இதற்கிடையே சூழல் தலைகீழாகியிருந்தது. பிராகில் ஆட்சி வீழ்ந்தது. சௌசெஸ்கு போனார். 1990 ஜனவரி இறுதியில் போலந்துக் கம்யூனிஸ்ட் கட்சியே தன்னைக் கலைத்துக்கொண்டது. இல்லாத கட்சியின் சார்பில் ஜெனரல்கள் உள்துறையிலும் ராணுவத்திலும் ஜூலை 6 வரை அமைச்சர்களாக இருந்தார்கள். அதிபர் மாளிகையில் யாருசெல்ஸ்கி இருந்தார். அண்டை நாடுகள் முந்திக்கொண்டு போவதைப் பார்த்த போலந்து மக்களுக்கு, முதலில் தொடங்கிய நாம் ஏன் பின்தங்கினோம் என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு வலேசா ‘வேகப்படுத்து’ என்ற முழக்கம் கொடுத்தார். மே மாதம் அவரை முன்னிறுத்தி யாரொஸ்வாவ் கச்சின்ஸ்கி ஒரு கட்சி தொடங்கினார். கேலிச்சித்திரங்களில் பிரதமர் ஆமையானார்.

அக்டோபர் தொடக்கத்தில் மசோவியெட்ஸ்கி அதிபர் தேர்தலுக்கு நிற்பதாக அறிவித்தார். ஒரே இயக்கத்தின் இரண்டு முகங்கள் மோதின. பிரதமரின் வம்சத்தில் யூத வேர்கள் இருப்பதாகக் கிசுகிசு பரப்பினார்கள். அவர் அதற்கு இறங்கிப் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் மதிக்கிறேன். விலைவாசி பற்றியும் வேலை பற்றியும் காட்டிய மௌனம் வேறு வகை. பெரிய ஆலைகளின் வாயிலுக்கும் சிற்றூர்ச் சந்தைக்கும் போய், ஜனவரியில் உங்களிடமிருந்து எடுத்தேன், எதற்காக எடுத்தேன் தெரியுமா என்று சொல்ல வேண்டிய இடத்திலும் அவர் நிதானமான வாக்கியங்களையே பேசினார்.

கனடாவிலும் பெருவிலும் தொழில் செய்து திரும்பிய ஸ்தானிஸ்வாவ் திமின்ஸ்கி, ஒரு மாதத்தில் எல்லோரையும் பணக்காரராக்கிவிடுவார் என்ற எண்ணத்தை விதைத்தார். வேலை இழந்தவர்களும் சிறு நகரத்து இளைஞர்களும் அவர் பக்கம் போனார்கள். நவம்பர் 25 முடிவு: வலேசா 39.96 சதவீதம், திமின்ஸ்கி 23.10, மசோவியெட்ஸ்கி 18.08. அடுத்த நாளே பிரதமர் பதவி விலகலை அறிவித்தார். எந்தச் சட்டமும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மக்கள் தீர்ப்பு தன் அரசின் மீதானது என்று அவர் எடுத்துக்கொண்டார். இரண்டாம் சுற்றில் வலேசா வென்றார். வேகப்படுத்துவேன் என்று வந்தவர் பால்செரோவிச்சையே நிதியமைச்சராக வைத்துக்கொண்டார். பொருளாதாரப் பாதை மாறவில்லை. 1992இல் வளர்ச்சி திரும்பியது.

பின்னர்

தோற்றவர் ஒதுங்கவில்லை. தன்னை ஆதரித்தவர்களைச் சேர்த்து ஜனநாயக ஒன்றியம் என்ற கட்சியை அமைத்தார். 1991 தேர்தலில் அது 12.32 சதவீதத்துடன் முதலிடம் பெற்றது.

1992 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை ஆணையம் அவரை முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சிறப்பு அறிக்கையாளராக நியமித்தது. மூன்று ஆண்டுகள் அறிக்கை மேல் அறிக்கையாக அனுப்பினார். இனச் சுத்திகரிப்பு போரின் பக்கவிளைவாக நடக்கவில்லை, அதுவே போரின் நோக்கம் என்று தொடக்கத்திலேயே எழுதினார். முற்றுகையிடப்பட்ட மக்களுக்குப் பாதுகாப்புப் பகுதிகள் வேண்டும் என்று கேட்டவர்களில் அவரும் ஒருவர். 1995 ஜூலை 11 அன்று அப்படி அறிவிக்கப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சா ஐ.நா. வீரர்களின் கண்முன் விழுந்தது. சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். ஜூலை 27 அன்று மசோவியெட்ஸ்கி விலகினார். உலகத் தலைவர்களிடம் உறுதியும் துணிவும் இல்லாதபோது மனித உரிமைப் பாதுகாப்பைப் பற்றி நம்பகமாகப் பேச முடியாது என்று தன் கடிதத்தில் எழுதினார். பிரதமராக இருந்தபோது நாடு அவரிடம் கேட்க விரும்பிய குரல் அந்தக் கடிதத்தில் இருக்கிறது: நேரடியானது, கோபமானது, யாருக்குச் சொல்கிறது என்று தெரிந்து பேசுவது.

1997 அரசமைப்பின் முகப்புரையில் மீண்டும் பழைய பேச்சுவார்த்தையாளர் தெரிந்தார். கடவுள் பெயர் வேண்டும், வேண்டாம் என்று நாடு பிரிந்து நின்றபோது, உண்மை, நீதி, நன்மை, அழகு ஆகியவற்றின் ஊற்றாகக் கடவுளை நம்புவோரும், அந்த நம்பிக்கை இன்றி அதே விழுமியங்களை வேறு ஊற்றுகளிலிருந்து பெறுவோரும் என இரு சாராரையும் ஒரே வாக்கியத்தில் அமர்த்திய வடிவம் அவர் கையில் உருவானது. மே 25 பொது வாக்கெடுப்பில் அரசமைப்பு ஏற்கப்பட்டது. கடைசி ஆண்டுகளில் அதிபர் கொமொரோவ்ஸ்கியின் ஆலோசகராக இருந்தார். 2013 அக்டோபர் 28 அன்று தம் 86ஆம் வயதில் காலமானார்.

எதை மாற்றலாம்

ஜனவரி 1 திட்டத்தின் வேகத்தை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். 50 சதவீத மாதப் பணவீக்கத்தில் படிப்படியாகப் போவது ஏழைகளின் கையிருப்பைப் படிப்படியாகக் கரைப்பதாகவே முடிந்திருக்கும். ஆகஸ்டில் கிஷ்சாக்கை அமைச்சராக ஏற்றதையும் மாற்ற மாட்டேன்.

மாற வேண்டியது நாட்காட்டி. 1990 ஜனவரியில் கம்யூனிஸ்ட் கட்சி கலைந்ததும் பழைய பேரத்தின் மறுதரப்பு மறைந்துவிட்டது. பிப்ரவரியிலேயே இரண்டு ஜெனரல்களுக்கும் நன்றி சொல்லி அனுப்பியிருக்க முடியும். ஜூலை வரை காத்திருந்த ஐந்து மாதங்களில்தான் வலேசாவின் முழக்கம் வேர் பிடித்தது. கோப்புகளைப் பொறுத்தவரை முதல் வாரத்திலேயே எழுத்து மூலமான தடையாணை வேண்டும். அதிகாரிகள் அதை மீறியிருக்கலாம். மீறினால் அது குற்றமாகப் பதிவாகியிருக்கும். அழித்தவர்கள் மீது விழ வேண்டிய பழி பிரதமர் மீது விழுந்திருக்காது.

குரோனின் வாராந்திரப் பேச்சு போன்ற ஒன்றை மசோவியெட்ஸ்கியால் செய்ய முடியாது என்று அவரை நேசித்தவர்கள் சொல்வதுண்டு. அவருடைய இயல்பு அப்படி என்பார்கள். எனக்கு அது போதவில்லை. க்ஷிஷோவாவில் ஒரு தழுவல் போதாது என்று உணர்ந்து தலைநகரம் தலைநகரமாகப் போனவர் அவர். அதே கால்களால் கதான்ஸ்குக்கும் ம்வாவாவுக்கும் போயிருக்கலாம். தடித்த கோடு பற்றிய தவறான விளக்கத்தை மறுத்து ஒரு தொலைக்காட்சி உரை நிகழ்த்தியிருக்கலாம்.

கடைசியாக விவசாயக் கடன். பழைய ஒப்பந்தங்களின் வட்டியைப் புதியதாக மாற்றிய டிசம்பர் சட்டத்தில், சிறு நிலத்துக்காரர்களின் பழைய கடன்களுக்கு ஓராண்டுக் கால அவகாசமாவது சேர்த்திருக்க வேண்டும். கஜானாவுக்கு அது பாரம்தான். அதைச் செய்யாததன் பாரம் இன்னும் நீண்டது: 1992இல் கடனில் மூழ்கிய விவசாயிகளைத் திரட்டி எழுந்த ‘தற்காப்பு’ இயக்கம் 2001இல் நாடாளுமன்றத்தில் மூன்றாவது பெரிய கட்சியாக நுழைந்தது. அந்தத் தேர்தலில் மசோவியெட்ஸ்கியின் கட்சிக்குச் செய்மில் ஓர் இடமும் கிடைக்கவில்லை.